ரென்டனும் வியாசர்பாடியும்: இரு கால்பந்தாட்டப் பருவங்கள்

இறையியல் பயில்வோர்க்கும் கால்பந்தாட்டத்திற்கும் என்ன தொடர்பு என்று இவ்விதழின் வாசகர் சிலர் வினவக்கூடும். அவ்வினா எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது. திருவொற்றியூர்ப் பகுதிச் சபையொன்றில் ஊழியம் செய்த நாட்களில், ஞாயிறு காலை ஆராதனைக்கு வாலிபர் வருகை குறைந்து வருவதைக் கண்டு, ஒருநாள் பிரசங்க பீடத்திலிருந்து அவர்களைக் கடிந்துரைத்தேன். அவ்வேளையில் அவர்கள் மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். ஆகவே என் கடிந்துரையை அவர்களுடைய தாய்மாரே கேட்க நேர்ந்தது. ஆராதனை முடிந்தபின், எண்ணூர் நெடுஞ்சாலையிலுள்ள ஆலையொன்றில் ஒப்பந்தக் கூலியாக வேலை செய்த ஒரு பெரியவர் வாசலில் என்னை நிறுத்தி, "ஐயா, பசங்களைத் திட்டுறீங்க, சரி. அவங்களுக்கு வேற எந்த நாள் இருக்குது?" என்றார். என்னிடம் விடையில்லை. அதைத் தேடப் புகுந்தபோது, ஸ்காட்லாந்தில் 1890-91இல் நடந்தேறிய ஒரு கால்பந்துப் பருவம் வரை செல்ல வேண்டியதாயிற்று.

ஸ்காட்லாந்து நமக்கு அயல்நாடு அன்று. இராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் வாழ்வோர் ரெயினி மருத்துவமனையை அறிவர். ஸ்காட்லாந்து மிஷன் மருத்துவரான மெட்டில்டா மக்பெயில் அம்மையார் 1888இல் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்தது அது. அதே 1888ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், ஸ்காட்லாந்தின் ரென்டன் என்னும் சிற்றூர்க் கழகம், இங்கிலாந்துக் கோப்பையை வென்றிருந்த வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியை 4-1 என்ற கணக்கில் தோற்கடித்தது. ஸ்காட்லாந்துக் கோப்பையும் அவ்வாண்டு அவர்களுடையதே. ஆகவே ரென்டன்காரர் தங்களை உலகச் சாம்பியன்கள் என்று கூறிக்கொண்டனர். அந்நாளில் கால்பந்து வேறெங்கும் பெரிதாக வளர்ந்திராத காரணத்தால், இக்கூற்றை மறுப்பாரும் இலர்.

ரென்டன் எத்தகைய ஊர்? லோமண்ட் ஏரியிலிருந்து புறப்பட்டு டம்பார்ட்டனில் கிளைடு ஆற்றோடு கலக்கும் லெவன் என்னும் சிறிய ஆற்றின் கரையில் அது இருக்கிறது. அந்த ஆற்று நீர் மென்மையானது. துணி வெளுப்பதற்கு ஏற்றது. எனவே அப்பள்ளத்தாக்கில் முதலில் வெளுப்புக் களங்களும், பின்னர் சாய ஆலைகளும் அச்சடிப்பு ஆலைகளும் எழுந்தன. அங்கு உருவான "துருக்கிச் சிவப்பு" என்னும் சாயத்துணிக்குப் பெருஞ்சந்தையாக அமைந்தது இந்தியா. மயிலும் பூவும் அச்சிட்ட சிவப்புத் துணிகள் இங்கு கப்பல் கப்பலாக வந்திறங்கின. சோழமண்டலக் கரையில் சாயவேரைக் கொண்டு துணிக்குச் செந்நிறம் ஏற்றிய கைவினைஞர்க்கு அது நற்செய்தியாக இருந்திராது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுப்பதற்காக வண்ணார் குடியேற்றப்பட்ட இடமே நமது வண்ணாரப்பேட்டை என்பதையும் எண்ணிப் பார்த்தால், லெவன் ஆறும் வண்ணாரப்பேட்டையும் ஒரே வணிகத்தின் இரு முனைகளாகத் தோன்றும். ஆற்றின் முகத்துவாரமான டம்பார்ட்டனில் டென்னி குடும்பத்தாரின் கப்பல் கட்டும் தளம் இருந்தது. தமிழரை இரங்கூனுக்கும் மலாயாவுக்கும் ஏற்றிச் சென்ற பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கப்பல்கள் பல அங்கு கட்டப்பட்டவையே.

இந்தச் சிறு பள்ளத்தாக்கில், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகும் தொலைவில், மூன்று கழகங்கள் இருந்தன. வேல் ஆஃப் லெவன் 1877, 1878, 1879 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து ஸ்காட்லாந்துக் கோப்பையைப் பெற்றது. டம்பார்ட்டன் 1883இலும், ரென்டன் 1885, 1888 ஆகிய ஆண்டுகளிலும் பெற்றன. கிளாஸ்கோ, எடின்பரோ ஆகிய மாநகரங்களின் அணிகளைச் சாயத் தொழிலாளரும் கப்பல் தொழிலாளரும் வென்று வந்தனர்.

இதற்கு ஒரு காரணம் நேரம். பிரிட்டனில் 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு வேலையை நிறுத்தச் செய்தது. மற்றத் தொழில்களுக்கும் இவ்வழக்கம் மெல்லப் பரவிற்று. சனிப் பிற்பகல் தொழிலாளனின் சொந்த நேரமாயிற்று. அந்த நேரத்தில் கால்பந்து பிறந்து வளர்ந்தது. ஞாயிறு ஓய்வுநாளாகையால் ஆட்டத்திற்கு இடமே இல்லை. அந்நாளைய பிரெஸ்பிட்டேரியன் சபைகள் இதில் மிகக் கண்டிப்பாக இருந்தன. சனி மாலை ஆடிய இளைஞன் ஞாயிறு காலை ஆலயத்தில் அமர்ந்திருக்க முடிந்ததற்கு அவனுடைய பக்தி மாத்திரம் காரணம் அன்று. பாராளுமன்றச் சட்டமும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் கூலி. இதில்தான் சிக்கல் எழுந்தது. இங்கிலாந்தில் 1885 முதல் ஆட்டக்காரர்க்கு ஊதியம் கொடுப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. ஸ்காட்லாந்திலோ அது குற்றம். ஊதியம் பெறாமல் ஆடுவதே நற்பண்பு என்று ஸ்காட்லாந்துக் கால்பந்துச் சங்கம் கருதியது. சொத்துள்ளவர்க்கு அப்பண்பு எளிது. சாயத்தொட்டியில் நின்று வாரக்கூலி பெறுபவன், வெளியூர் ஆட்டத்திற்காக அரைநாள் வேலையை விட்டால், அன்றைய கூலி போயிற்று. இதனால் ஆட்டக்காரர் பலர் எல்லை தாண்டி இங்கிலாந்துக் கழகங்களுக்குச் சென்றனர். எஞ்சியவர்க்கு உள்ளூர்க் கழகங்கள் மறைவாகப் பணம் கொடுத்தன. ரென்டனின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களான கெல்லி, மெக்கலம் இருவரும் 1888இலேயே கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்திற்குப் போய்விட்டனர். செல்டிக், அந்நகரின் கீழ்ப்பகுதியில் பசியால் வாடிய ஐரிஷ் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் பொருட்டு வால்ஃபிரிட் என்னும் கத்தோலிக்கத் துறவுச் சகோதரர் தோற்றுவித்த கழகம். நல்ல நோக்கமுள்ள நிறுவனமும் ஏழை ஊரின் திறமையை இழுத்துக்கொள்ளும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இங்கிலாந்தில் 1888இல் லீக் முறை தொடங்கிற்று. கழகங்கள் ஒன்றோடொன்று முறைப்படி அட்டவணையிட்டு ஆடின, வருவாயும் நிலைத்தது. அத்தகைய லீக் ஸ்காட்லாந்துக்கும் வேண்டும் என்று 1890 மார்ச்சில் மற்றக் கழகங்களுக்குக் கடிதம் எழுதி அழைத்தவர், ரென்டன் கழகத்தின் செயலாளர் பீட்டர் ஃபேர்லி. கிளாஸ்கோவில் கூட்டம் கூடிற்று, லீக் உருவாயிற்று. முழு அமெச்சூர்க் கழகமான குவீன்ஸ் பார்க் அதில் சேர மறுத்தது. சிறு கழகங்கள் இதனால் அழிந்துபோகும் என்பது அவர்கள் அச்சம். உள்நோக்கம் எதுவாயினும், அந்த அச்சம் பொய்க்கவில்லை.

பதினொரு கழகங்களுடன் முதற் பருவம் 1890 ஆகஸ்டு 16ஆம் நாள் தொடங்கியது. பெயர்களைப் பார்த்தாலே அது தொழிலாளர் ஆட்டம் என்பது விளங்கும். கவ்லெயர்ஸ் கழகம் ரயில்வே பணிமனையைச் சார்ந்தது. நமது பெரம்பூரைப் போன்ற இடம். அபர்கார்ன், செயின்ட் மிரன் இரண்டும் நூலாலை நகரமான பெய்ஸ்லியைச் சேர்ந்தவை. முதல் நாளில் ரென்டன் செல்டிக்கை 4-1 என வென்றது. ஆனால் ஐந்து ஆட்டங்களே ஆடிய நிலையில், அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில், கால்பந்துச் சங்கம் ரென்டனை நீக்கிற்று. குற்றம் யாது? மறைவாக ஊதியம் கொடுத்தமைக்காக நீக்கப்பட்டிருந்த எடின்பரோ நகரின் செயின்ட் பெர்னார்ட்ஸ் கழகம், வேறு பெயர் பூண்டு ஆட வந்தது. அதனோடு ரென்டன் ஒரு நட்பு ஆட்டம் ஆடியது. இவ்வளவே. ரென்டன் ஆடிய ஐந்து ஆட்டங்களும் பதிவேட்டிலிருந்து அழிக்கப்பட்டன. லீகைத் தோற்றுவிக்கக் கடிதம் எழுதிய கழகத்தின் பெயர் அந்த லீகின் முதல் அட்டவணையில் இல்லை.

பருவத்தின் முடிவில் டம்பார்ட்டனும் கிளாஸ்கோ ரேஞ்சர்ஸும் பதினெட்டு ஆட்டங்களில் 29 புள்ளிகள் பெற்றுச் சமமாக நின்றன. கோல் வேறுபாட்டைக் கொண்டு முடிவு செய்யும் விதி அப்போது இல்லை. 1891 மே 21ஆம் நாள் நடந்த தீர்ப்பாட்டமும் 2-2 எனச் சமனாகவே, பட்டம் இருவர்க்கும் பொதுவென அறிவிக்கப்பட்டது. டம்பார்ட்டன் அடுத்த பருவத்தில் தனியாகவே பட்டம் வென்றது. அதே பருவத்தில் அண்டை ஊரான வேல் ஆஃப் லெவன் இருபத்திரண்டு ஆட்டங்களில் ஒன்றையேனும் வெல்லவில்லை. லீகை விட்டும் நீங்கிற்று. ரென்டன் வழக்காடித் திரும்பி வந்தது. 1893இல் ஊதியம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டது. ரென்டனைத் தண்டித்த குற்றம் குற்றமல்லாததாயிற்று. ஆனால் ஊதியம் கொடுக்க அப்போது ரென்டனிடம் பணம் இல்லை. இரண்டாம் பிரிவில் 1897-98 பருவத்தில் நான்கு ஆட்டங்கள் ஆடியபின் அக்கழகம் லீகிலிருந்து விலகியது. உலகச் சாம்பியன்கள் ஆடிய டான்டைன் பார்க் மைதானத்தில் இப்போது வீடுகள் இருக்கின்றன.

இனிச் சென்னைக்கு வருவோம். டம்பார்ட்டனும் ரேஞ்சர்ஸும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்ட அதே 1891ஆம் ஆண்டில் இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் ஒன்று நிறைவேறியது. ஆலைத் தொழிலாளர்க்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு என்று அச்சட்டம் வகுத்தது. பெண்களுக்கு நாளொன்றுக்குப் பதினொரு மணி நேர வேலை என வரையறுத்தது. வயதுவந்த ஆண்களின் வேலை நேரத்திற்கு 1911 வரை வரம்பே இல்லை. சனிக்கிழமை அரைநாள் என்ற பேச்சே எழவில்லை. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் அப்போது இயங்கத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன; இரயில்வேப் பணிமனையில் ஆயிரக்கணக்கானோர் உழைத்தனர். ஒரே அரசு, ஒரே இராணி. ஆயினும் லெவன் பள்ளத்தாக்கின் தொழிலாளிக்குச் சனிப் பிற்பகலும் ஞாயிறும் கிடைத்தன, பெரம்பூர்த் தொழிலாளிக்கு ஞாயிறு மட்டும் கிடைத்தது. அந்த ஒரே நாளில் அவன் துணி துவைக்க வேண்டும், உறவினரைப் பார்க்க வேண்டும், விளையாடவும் வேண்டும். வடசென்னையில் பந்து ஞாயிற்றுக்கிழமைக்கு வந்து சேர்ந்த கதை இதுவே என்று கருதுகிறேன். வாசலில் நின்ற பெரியவரின் கேள்விக்கு விடை இச்சட்டத்தில் இருந்தது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. டம்பார்ட்டனை அடுத்த குன்றில் மாளிகை கொண்டிருந்த ஓவர்டவுன் பிரபு, ஸ்காட்லாந்துச் சுயாதீன சபையின் மூப்பர். ஆப்பிரிக்க மிஷன் பணிக்கு வாரி வழங்கியவர். கிளாஸ்கோவில் ஞாயிறன்று டிராம் வண்டி ஓடக்கூடாது என்று போராடியவர். அவருடைய இரசாயன ஆலையில் தொழிலாளர் ஞாயிறும் உட்பட நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் உழைத்து வந்ததை 1899இல் கெயர் ஹார்டி துண்டுப் பிரசுரத்தால் வெளிப்படுத்தினார். மிஷன் வரலாறு எழுதுவோர் இவருடைய கொடையைக் குறிப்பிடும்போது இதனையும் ஒரு வரியில் குறிப்பிடுதல் முறையாகும்.

நிற்க. நேரம் குறைவாயினும் சென்னை ஆட்டக்காரனுக்குக் கூலியின் வழி ஒன்று திறந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்நகரத்தின் முதல்நிலை அணிகள் அலுவலகங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் உரியவையாயிருந்தன. தென்னக இரயில்வே, 1955இல் பெரம்பூரில் திறக்கப்பட்ட இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையாகிய ஐ.சி.எப்., சுங்கத்துறை, வருமானவரித்துறை, கணக்காயர் அலுவலகம், இந்தியன் வங்கி என்று அவை நீளும். நன்றாக ஆடும் பையனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. காலையில் பயிற்சி, பின்னர் அலுவலகம், முப்பத்தைந்து வயதில் ஆட்டம் ஓய்ந்தாலும் சம்பளம் ஓயாது, அறுபதில் ஓய்வூதியம். ரென்டன் மறைவாகச் செய்ததை நமது அரசு நிறுவனங்கள் வெளிப்படையாகச் செய்தன எனலாம். இந்தியன் வங்கியின் அணி இவ்வழியிலேயே 1996இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீக் வரை சென்று ஆடியது. என் சபை மக்களிலும், காலால் வேலை பெற்றுப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர்கள் உண்டு. பின்னர் இத்தகைய நியமனங்கள் குறைந்தன. பின்னி ஆலையும் 1996இல் மூடப்பட்டது. ஏணியின் படிகள் ஒவ்வொன்றாகக் கழன்றபோதிலும் பையன்கள் ஆடுவதை நிறுத்தவில்லை. வியாசர்பாடி "மினி பிரேசில்" என்று பெயர் பெற்றது. அங்கு முல்லை நகரில், குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பந்தோடு படிப்பையும் சேர்த்துக் கற்பிக்க முன்னாள் ஆட்டக்காரர் சிலர் ஒரு சங்கம் நிறுவினர்.

அச்சங்கத்தில் பயின்றவர் தன்பால் கணேஷ். புனே கழகத்தின் பயிற்சிப் பள்ளி வழியாக அவர் சென்னையின் எஃப்.சி. அணிக்கு வந்தார். இந்தியன் சூப்பர் லீக் 2014இல் தொடங்கிய போட்டி. அதன் 2017-18 பருவமே இரயில்வே அணிகளைக் கண்டு வளர்ந்த என்னைப் போன்றோரும் அக்கறையோடு பார்த்த பருவம். அந்த ஆண்டில் ஐ-லீக், சூப்பர் லீக் என இரு தேசிய லீகுகளும் இணையாக நடைபெற்றன. சூப்பர் லீகில் பத்து அணிகள், அணிக்குப் பதினெட்டு ஆட்டங்கள். நவம்பர் 19ஆம் நாள் நேரு விளையாட்டரங்கில் சென்னை அணி கோவாவிடம் 2-3 எனத் தோற்றுத் தொடங்கிற்று. டிசம்பர் 17ஆம் நாள் பெங்களூரில், ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது சுனில் சேத்ரி கோல் அடித்துச் சமன் செய்தார். அடுத்த சில நிமிடங்களில் தன்பால் கணேஷ் அடித்த கோலால் சென்னை 2-1 என வென்றது. 2018 மார்ச் 13ஆம் நாள் சென்னையில் நடந்த அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் கோவாவை 3-0 என வென்றபோதும் ஒரு கோல் அவருடையது. மற்ற இரண்டும் மிசோரம் வீரர் ஜெஜேயுடையவை. நான்கு நாட்களுக்குப் பின், அட்டவணையில் 40 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றிருந்த பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே, 32 புள்ளிகளுடன் இரண்டாமிடம் பெற்றிருந்த சென்னை அணி 3-2 என வென்று பட்டத்தைக் கைப்பற்றியது. பிரேசில் நாட்டவரான மயில்சன் ஆல்வெஸ் இரு முறை தலையால் முட்டிக் கோல் அடித்தார்.

நேரு விளையாட்டரங்கிற்கும் வியாசர்பாடிக்கும் இடையே சில கிலோமீட்டர் தொலைவே உண்டு. அவ்வழியைக் கடந்து அந்த அணியின் நடுக்களத்தில் நிலைத்து நின்றவர் அங்கிருந்து ஒருவரே. அவரும் காயத்தால் அடுத்த பருவத்தில் ஆட இயலாது போயிற்று. 2018-19இல் சென்னை அணி 9 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் முடிந்தது. பழைய ஏணியில் காயமுற்றவனுக்கு அலுவலக நாற்காலி காத்திருந்தது. புதிய முறையில் ஒப்பந்தம் முடிந்தால் நாற்காலியும் இல்லை. சம்பளம் முன்னிலும் பன்மடங்கு பெரிது என்பதை மறுக்கவில்லை; பெறுவோர் எத்தனை பேர் என்பதே என் கவலை.

ரென்டனை மிகவும் நினைவூட்டிய செய்தி இதற்கடுத்த ஆண்டில் நிகழ்ந்தது. சென்னை சிட்டி என்னும் மற்றொரு கழகம், கோயம்புத்தூரைத் தளமாகக் கொண்டு, ஐ-லீகில் ஆடி வந்தது. 2019 மார்ச் 9ஆம் நாள் மினர்வா பஞ்சாப் அணியை 3-1 என வென்று, 43 புள்ளிகளுடன், கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் பின்தள்ளி அக்கழகம் சாம்பியன் ஆயிற்று. ஐ-லீக் பட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தது அப்போதுதான். ஆனால் ஐ-லீகை வென்றவர் சூப்பர் லீகுக்கு ஏறும் வழி அன்று இல்லை. அவ்வழி பின்னர் வகுக்கப்பட்டது; 2022-23 பருவத்தின் ஐ-லீக் சாம்பியனான பஞ்சாப் கழகம் அதன்வழி முதலில் ஏறியது. சென்னை சிட்டியோ 2021-22 பருவத்திலேயே ஐ-லீகில் இல்லை. கதவு திறந்தபோது, அதை முன்னரே தட்டியவர் வாசலில் இல்லை. 1893இல் ரென்டனும் ஏறக்குறைய இவ்வாறே இருந்தது.

மீண்டும் திருவொற்றியூர். அந்தப் பெரியவரின் கேள்விக்குப் பின்னர் சில வாரங்கள் கழித்துச் சபைக் கமிட்டியில் பேசினோம். சனிக்கிழமை மாலை வாலிபர் கூட்டம் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். சனிக்கிழமை இரண்டாவது ஷிப்டு உண்டு என்று இன்னொருவர் நினைவூட்டினார். ஞாயிறு மாலை ஐந்து மணி என்றால் ஆட்டம் சூடேறும் நேரம். இறுதியில் ஆறரை மணி என்று முடிவாயிற்று. அதற்குமேல் அந்த மைதானத்தில் பந்து கண்ணுக்குத் தெரிவதில்லை. முதல் வாரம் ஒன்பது பேர் வந்தனர், முழங்கால் வரை புழுதியோடு. பந்தை ஆலய வாசலில் செருப்புகளுக்கிடையே வைத்துவிட்டு உள்ளே வந்து அமர்ந்தனர்.